விக்டோரியா காலத் தோழியரின் கடிதங்களை வாசிப்பது எப்படி

1836ஆம் ஆண்டு செப்டம்பரில், யார்க்‌ஷயரின் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்த இருபது வயதுப் பெண் தன் தோழிக்கு ஒரு கடிதம் எழுதினார். நமக்கென்று ஒரு சிறு வீடும் பிழைப்புக்குப் போதுமான வருமானமும் இருந்துவிட்டால், மகிழ்ச்சிக்காக மூன்றாவது ஆள் எவரையும் சார்ந்திராமல், சாகும்வரை அன்போடு சேர்ந்தே வாழ்ந்துவிடலாமே என்பது அதன் சாரம். எழுதியவர், பின்னாளில் ‘ஜேன் அயர்’ நாவலால் புகழ்பெற்ற சார்லட் பிரான்ட்டி. பெற்றவர் எல்லன் நஸ்ஸி. இன்று இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, இவர்கள் தோழியரா, காதலரா என்பதுதான். எனக்கும் அப்படித்தான் எழுந்தது. அந்தக் கேள்வியோடு உள்ளே நுழைந்ததால் கடிதங்களில் எழுதியிருந்தவற்றில் பாதியைக் கவனிக்காமலே கடந்துபோனேன். அக்கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, அக்காலப் பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதியவற்றை எந்த வரிசையில், எதை எதனோடு ஒப்பிட்டு வாசிப்பது என்பதை இங்கே சொல்கிறேன். பெரும்பாலான மூலங்கள் அச்சிலோ இணையத்திலோ கிடைப்பதால், நம் ஊரில் இருந்தபடியே இதைச் செய்யலாம்.

முதலில் ஆண்டைப் பாருங்கள்

விக்டோரியா ஆட்சி 1837 முதல் 1901 வரை நீண்டது. அறுபத்து நான்கு ஆண்டுகளை ஒரே காலம் என்று எண்ணிவிடக் கூடாது. கையில் எடுத்த கடிதத்தின் தேதியை அருகில் எழுதிக்கொண்டு, அது பின்வரும் சட்டங்களுக்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். 1857ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் இங்கிலாந்தில் மணவிலக்குப் பெற நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. அது பெரும் செல்வர்க்கே இயன்றது. 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சொத்துரிமைச் சட்டங்கள் வருவதற்கு முன், தனி ஏற்பாடு எதுவும் எழுதிவைக்காத பெண் மணமுடித்தால் அவளுடைய பணமும் சம்பளமும் கணவனுடையவை ஆகிவிடும். ஆகவே 1860இல் ஒரு பெண் மணம் வேண்டாம் என்று எழுதினால், அதில் மனம் எவ்வளவு, சொத்து எவ்வளவு என்று இரண்டையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பெண்கள் மணமாகாமல் இருந்ததற்கு மக்கள்தொகையும் ஒரு காரணம். 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் அதிகம் என்று தெரியவந்ததும், மணமாகாதவர்களை என்ன செய்வது என்று பத்திரிகைகளில் பெரும் வாதம் எழுந்தது. டபிள்யூ. ஆர். கிரெக் என்பவர் 1862இல் எழுதிய கட்டுரையில் இப்பெண்களை ‘உபரி’ என்றே குறிப்பிட்டு, ஆண்கள் மிகுந்த குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேற்றலாம் என்று வழி சொன்னார். அதே ஆண்டு பிரான்சஸ் பவர் காப் என்ற எழுத்தாளர், மணமாகாத பெண் தனிமையில் வாட வேண்டியதில்லை என்றும், உண்மையான நட்பை உருவாக்கிக்கொள்ளும் ஆற்றல் பெண்களுக்கு உண்டு என்றும் எழுதினார். அவர் எதை மனத்தில் வைத்து அப்படி எழுதினார் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் ஒதுக்கிவிடுவது நல்லது. ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 1885ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்களையும் சேர்க்க முயன்றபோது, ‘பெண்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்’ என்று அரசி மறுத்துவிட்டதாக ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று இல்லை. அந்தச் சட்டப்பிரிவு ஆண்களைப் பற்றியதாகவே முன்மொழியப்பட்டு, அப்படியே நிறைவேறியது. பெண்களைச் சேர்க்கும் முயற்சி 1921இல்தான் வந்தது. அதைப் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது.

சொற்களை அக்காலத்து விலைக்கே வாங்குங்கள்

பிழைகள் மிகுதியாக நேரும் இடம் இதுதான். ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற சொல் அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் பெற்றோர், உற்றார், காப்பாளர் ஆகியோரையும் குறித்தது. ஒரு பெண்ணின் ‘ஃப்ரெண்ட்ஸ்’ திருமணத்துக்கு ஒப்பவில்லை என்று வந்தால், மறுத்தது அவள் வீட்டார் என்று கொள்ள வேண்டும். ‘லவர்’ என்பது பெண் கேட்டு வருபவனையும் குறிக்கும். ‘மேக் லவ்’ என்பதற்கு இன்றைய பொருள் அன்று இல்லை. இனிக்கப் பேசி மனத்தைக் கவர முயல்வதைத்தான் அது சொன்னது. இதை அறியாமல் மொழிபெயர்த்தால், பாதிரியார் வீட்டுத் தேநீர் விருந்தில் நடவாததெல்லாம் நடந்ததாகிவிடும்.

அதே போல், ‘என் உயிரே’, ‘என் அன்பே’, ‘உன்னை முத்தமிட ஏங்குகிறேன்’ என்பவை பள்ளித் தோழியரும் அக்காள் தங்கையரும் மாமியும் மருமகளும்கூட எழுதியவை. தோழியர் கைகோத்து நடப்பதும் ஒரே கட்டிலில் உறங்குவதும் எவரையும் வியக்கவைக்காத வழக்கங்கள். படுக்கை குறைவு, குளிர் அதிகம் என்ற எளிய காரணங்களும் உண்டு. பெற்றோர் இந்நெருக்கத்தை அஞ்சவில்லை, ஊக்குவித்தனர். சாரா ஸ்டிக்னி எல்லிஸ் 1842இல் இளம்பெண்களுக்கு எழுதிய நெறிநூலில் நட்பைப் பற்றித் தனியாகவே பேசினார். தோழியிடம் காட்டப் பழகிய அன்பும் பொறுமையும் நல்ல மனைவியாவதற்கான பயிற்சி என்பது அக்காலத்தின் எண்ணம்.

தமிழில் வாசிப்பவர்க்கு இதில் ஒரு வசதி உண்டு. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தலைவி, நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது என்று சொல்லிவிட்டுக் கடைசியில் தலைவனோடு கொண்ட உறவுக்கு இடும் பெயர் ‘நட்பு’. பெற்ற மகனைக் ‘காதற் புதல்வன்’ என்று சொன்னதும் இதே மொழிதான். நட்பும் காதலும் இரண்டு தனிப் பெட்டிகளாகப் பூட்டப்படாத காலம் ஒன்று நம் மொழியிலேயே இருந்ததை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தக் கடிதங்களின் சொற்கள் அவ்வளவு அந்நியமாகத் தெரியா.

எனவே ஒரு சொல்லை எடைபோட மூன்றைச் செய்யுங்கள். அதே பெண் தன் தாய்க்கும் சகோதரிக்கும் வேறு தோழியர்க்கும் எழுதியபோது அச்சொல்லைப் பயன்படுத்தினாரா என்று தேடுங்கள். பயன்படுத்தியிருந்தால் அது வழக்கச் சொல். ஒருவருக்கு மட்டுமே ஒதுக்கியிருந்தால் அங்கே நில்லுங்கள். அடுத்து, கணவன், மனைவி, திருமணம் என்ற சொற்கள் எங்கேனும் வருகின்றனவா என்று பாருங்கள். ‘அன்பே’ என்பதைவிட ‘என் மனைவி’ என்பது பன்மடங்கு கனமான சான்று. கடைசியாக, சொல்வதைவிடக் கேட்பதைக் கவனியுங்கள்: ஏன் எழுதவில்லை, யாரோடு போனாய், யார் உன் அருகில் உட்கார்ந்தார் என்னும் கேள்விகள் கொஞ்சல்களைவிட அதிகம் பேசும்.

தாளைத் திருப்பிப் பாருங்கள்

மூலக் கடிதத்தின் படம் கிடைத்தால் அச்சுப் பிரதியோடு நின்றுவிடாதீர்கள். 1840க்கு முன் அஞ்சல் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது; பெரும்பாலும் பெறுபவரே செலுத்துவார். அதனால் தாளை நிரப்பிய பின் கால்வட்டம் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவது வழக்கம். ஒரு பென்னி அஞ்சல் 1840 ஜனவரியில் வந்து, மே 6 முதல் அஞ்சல்தலையும் புழக்கத்துக்கு வந்த பிறகும் பலர் இப்பழக்கத்தை விடவில்லை. இத்தகைய கடிதத்தை வாசிக்க, ஒரு திசையின் வரிகளை முழுவதும் படியெடுத்து முடித்த பின்னரே தாளைத் திருப்ப வேண்டும்; இரண்டையும் மாறி மாறிப் படிக்க முயன்றால் கண்ணும் மனமும் குழம்பும். குறுக்கு வரிகள் எழுதுபவர் கடைசியாகச் சேர்த்தவை. ஊர்ச் செய்தியெல்லாம் சொல்லி முடித்த பின் மனத்தில் மிச்சமிருந்தது பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாக

சார்லட்டும் எல்லனும் 1831இல் ரோ ஹெட் என்ற பள்ளியில் சந்தித்தனர். அதன் பின் சார்லட் இறக்கும்வரை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு, எழுதிக்கொண்டே இருந்தனர். 1836ஆம் ஆண்டுக் கடிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு முடிவு சொல்பவர்கள் 1839 மார்ச் மாதக் கடிதத்தையும் படிக்க வேண்டும். அந்த மாதம் எல்லனின் அண்ணன் ஹென்றி நஸ்ஸி சார்லட்டைப் பெண் கேட்டார், சார்லட் மறுத்துவிட்டார். மறுத்த காரணத்தை எல்லனுக்கே எழுதும்போது, இவரை மணந்துகொண்டால் எல்லன் என்னுடன் வந்து வாழலாமே, அப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பேன் என்ற எண்ணம் தன்னைப் பெரிதும் ஈர்த்ததாக ஒப்புக்கொள்கிறார். ஆயினும் கணவனுக்காக உயிரையும் கொடுக்கும் அளவு பற்று இல்லாமல் மணக்க இயலாது என்பதால் மறுத்தேன் என்கிறார்.

இந்த ஒரு கடிதத்தில் எத்தனை இழைகள் பின்னிக் கிடக்கின்றன என்று பாருங்கள். தோழியோடு ஒரே வீட்டில் வாழும் ஆசை உண்மையானது. ஆனால் வருமானமில்லாத பாதிரியார் மகளுக்கு அவ்வாசை நிறைவேறும் வழி, தோழியின் அண்ணனை மணப்பதுதான். அதே நேரத்தில் கணவன் மேல் தீவிரக் காதல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அவரிடம் இருக்கிறது. மூன்றும் ஒரே மனத்தில் ஒன்றையொன்று தள்ளாமல் இருந்தன. இதில் எதை எடுத்துவிட்டாலும் சார்லட் சிறியவராகிவிடுவார்.

பிறகு 1853இல், சார்லட்டை மணக்க விரும்பிய ஆர்தர் பெல் நிக்கல்ஸ் குறுக்கிட்டபோது இரு தோழியர்க்கும் இடையே பல மாதங்கள் பேச்சற்ற இடைவெளி விழுந்தது. 1854 ஜூன் 29 அன்று சார்லட்டுக்கும் நிக்கல்ஸுக்கும் நடந்த திருமணத்தில் எல்லனே மணப்பெண் தோழியாக நின்றார். அதே ஆண்டு அக்டோபரில் சார்லட் எழுதிய கடிதம் ஒன்றில் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசிப்பது தெரிகிறது. இப்படிப்பட்ட கடிதங்கள் தீக்குச்சிகளைப் போல் ஆபத்தானவை, எல்லன் எரித்துவிடுவதாக வாக்களிக்காவிட்டால் இனி ஒவ்வொரு வரியையும் தாமே தணிக்கை செய்வதாகக் கணவர் சொல்கிறார் என்று சார்லட் பாதி வேடிக்கையாக எழுதுகிறார். தணிக்கை செய்யாமல் இருந்தால் எரிக்கிறேன் என்று எல்லன் நிபந்தனையோடு வாக்களித்தார், எரிக்கவில்லை. 1855 மார்ச்சில் சார்லட் இறந்த பின், நாவலாசிரியர் எலிசபெத் கேஸ்கெல் 1857இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுக்கு முதன்மையான ஆதாரம் இக்கடிதங்களே. எல்லனின் பதில்களோ பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இந்த நட்பைப் படிக்கும்போது ஒரு கை ஓசையையே கேட்கிறோம் என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பதிப்பையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மூலக் கடிதங்கள் 1890களில் விற்கப்பட்டுப் பல கைகளுக்குச் சிதறின. பழைய பதிப்புகளில் விடுபாடுகளும் பிழைகளும் மிகுதி. மார்கரெட் ஸ்மித் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தவையே நம்பத் தகுந்தவை.

கடிதத்தை விட்டு வெளியே வாருங்கள்

அன்புச் சொல் எவ்வளவு மிகுந்தாலும், வீட்டு வாடகை யார் கட்டினார், உயில் யார் பெயருக்கு எழுதப்பட்டது, எங்கே புதைக்கப்பட்டார் என்ற மூன்று கேள்விகளுக்கு உரிய உறுதி அதற்கு இல்லை. முன்பு சொன்ன பிரான்சஸ் பவர் காப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தந்தை விட்டுச்சென்ற ஆண்டுக்கு 200 பவுன் வருமானமும், பத்திரிகை எழுத்தில் வந்த பணமும் அவருக்கு இருந்தன. 1861–62 குளிர்காலத்தில் ரோமில் மேரி லாயிட் என்ற வேல்ஸ் நாட்டுச் சிற்பியைச் சந்தித்தார். லண்டனில் ஒரே வீட்டில் வாழ்ந்து, 1884இல் வேல்ஸின் டோல்கெல்லாய் பக்கம் போய்க் குடியேறினர். லாயிட் 1896இல் இறந்தார். 1904இல் இறந்த காப் அவருடனேயே லானெல்டிட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

லாயிட் உயிரோடு இருந்தபோது, 1894இல் வெளியான தன்வரலாற்றில் காப் இந்த உறவைச் சில வரிகளில் முடித்துக்கொள்கிறார்: இதைப் பற்றி மேலும் சொல்வேன் என்று எவரும் எதிர்பார்க்கமாட்டார்கள் என்பது அவர் தொனி. தனிக் கடிதங்களிலோ கணவன், மனைவி என்ற சொற்களை வேடிக்கையும் உரிமையுமாக லாயிடைப் பற்றிப் பயன்படுத்தினார். இங்கே அச்சில் வந்ததை மட்டும் படித்தவர் ‘வெறும் தோழியர்’ என்பார். கடிதத்தை மட்டும் படித்தவர் ‘மறைத்துவைத்த காதல்’ என்பார். ஆனால் மறைவு எங்கே இருந்தது? இருவர் பெயருக்கும் சேர்த்தே அழைப்புகள் வந்தன, நண்பர்கள் இருவரையும் ஓர் இணையாகவே நடத்தினர். மறைத்தது அச்சுப் புத்தகத்தின் மரியாதை மட்டுமே. மனைவியரை அடிக்கும் கணவர்களை எதிர்த்து 1878இல் எழுதி, அவ்வாண்டே சட்டம் வரக் காரணமானவர்களில் ஒருவரான காப், மணவாழ்க்கைக்கு மாற்றான ஒன்றை வாழ்ந்தபடியே அதை விமரிசித்தார் என்பதை வரலாற்றாசிரியர் ஷாரன் மார்கஸ் 2007இல் வலியுறுத்தினார்.

பிரபலமாகாத இருவரைப் பற்றித் தேடுவதானாலும் முறை இதுவே. மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வீட்டிலுள்ளோரின் பெயர்களோடு எடுக்கப்பட்டது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி 1851இல்தான் சேர்ந்தது. இரண்டு பெயர்களை எடுத்துக்கொண்டு 1851, 1861, 1871 என்று தொடர்ந்து போங்கள். ஒரே முகவரியில் ஒருவர் ‘விருந்தினர்’ என்று மூன்று கணக்கெடுப்புகளில் வந்தால், இருபது ஆண்டு தங்கும் விருந்தாளி எவர் என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். 1858 முதல் உயில்களின் அகரவரிசைப் பட்டியல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் ஒரே தொடராக உள்ளது. சொத்தை நிர்வகிக்க யார் பெயர் எழுதப்பட்டது என்று அதில் பார்க்கலாம்.

இல்லாததை வாசிப்பது

எரிந்தவை, மறைந்தவை, பூட்டப்பட்டவை ஆகியவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார்க்‌ஷயரில் ஷிப்டன் மாளிகையின் உரிமையாளராக இருந்த ஆன் லிஸ்டர் 1840இல் இறந்ததால் விக்டோரியா காலத்தில் மூன்றாண்டுகளே வாழ்ந்தார். ஆயினும் அவர் நாட்குறிப்பைத் தொடாமல் இந்தப் பாடம் நிறைவடையாது. சுமார் 50 லட்சம் சொற்கள் கொண்ட அதில், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கிரேக்க எழுத்துகளும் கணக்குக் குறிகளும் கலந்த சங்கேத எழுத்தில் இருக்கிறது. அவர் குடும்பத்தில் பின்னர் வந்த உறவினரான ஜான் லிஸ்டரும் நண்பர் ஆர்தர் பரலும் 1890களில் ‘நம்பிக்கை’ என்ற பொருள் தரும் நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகித்து அதன் பூட்டைத் திறந்தனர். உள்ளே பெண்களோடு அவர் கொண்ட உடலுறவு பற்றிய வெளிப்படையான பதிவுகளைக் கண்டு, எரித்துவிடலாம் என்றார் பரல். ஜான் எரிக்கவில்லை, மரப் பலகைச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். 1988இல் ஹெலனா விட்பிரெட் அதன் பகுதிகளை அச்சிட்டபோது, அக்காலப் பெண்களுக்கு இத்தகைய உறவே தெரியாது என்ற பழைய வாதம் நிற்க இடமில்லாமல் போயிற்று. கடிதத்தில் ஒன்று எழுதப்படவில்லை என்பது அது நடக்கவில்லை என்பதற்குச் சான்றல்ல. அதே அளவுக்கு, நடந்தது என்பதற்கும் சான்றல்ல.

1864ஆம் ஆண்டுக் காட்ரிங்டன் மணவிலக்கு வழக்கு இதன் மறுபக்கம். பெண்களையே அச்சுக் கோக்க அமர்த்திய விக்டோரியா அச்சகத்தை 1860இல் தொடங்கிய எமிலி ஃபெய்த்ஃபுல், முன்பு ஹெலன் காட்ரிங்டனின் வீட்டில் தங்கி, அவர் அறையிலேயே உறங்கியவர். எமிலியை வீட்டைவிட்டு ஏன் அனுப்பினேன் என்று கடற்படைத் தளபதியான கணவர் எழுதி முத்திரையிட்ட உறை ஒன்று வழக்கில் பேசப்பட்டது, திறக்கப்படவில்லை. லண்டன் முழுவதும் அதன் உள்ளடக்கத்தை ஊகித்து மகிழ்ந்தது. நாம் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டியதில்லை. ஆனால் ஒரே அறையில் உறங்கும் தோழியரைப் பற்றி ஐயம் எழுப்பக்கூடிய மொழி 1864இலேயே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தம் தாள்களைத் தாமே காத்தவர்களும் உண்டு. காதரின் பிராட்லியும் அவர் அக்காள் மகள் ஈடித் கூப்பரும் ‘மைக்கேல் ஃபீல்ட்’ என்ற ஒரே ஆண் பெயரில் கவிதையும் நாடகமும் எழுதினர். கவிஞர் ராபர்ட் பிரவுனிங் வாய்தவறியதால் அந்த இரகசியம் வெளியானது. பிரவுனிங்கும் அவர் மனைவியும் தனித்தனியே எழுதினர், நாங்களோ சேர்ந்தே எழுதுவதால் அவர்களைவிட நெருக்கமாக மணமுடித்தவர்கள் என்று தங்கள் நாட்குறிப்பில் பதிவு செய்தனர். 1929ஆம் ஆண்டின் இறுதியில்தான் திறக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு அதை விட்டுச் சென்றனர். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. சித்தியும் மகளுமான உறவு இன்றைய வாசகரை நெளியவைக்கும். நெளிவதையும் குறித்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

ஆலைப் பெண்களும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் எழுதிய கடிதங்கள் மிகக் குறைவாகவே எஞ்சின. நேரமும் தாளும் பூட்டு வைத்த மேசையும் இருந்தவர்களின் அன்புதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை வைத்து ‘அக்காலப் பெண்கள்’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

பெயர் வைப்பது

இப்போது தள்ளிவைத்த கேள்விக்கு வரலாம். 1975இல் கேரல் ஸ்மித்-ரோசன்பர்க் அமெரிக்கப் பெண்களின் கடிதங்களை ஆராய்ந்து, இத்தகைய அன்பு திருமணத்தோடு முரண்படாமல் இயல்பாக ஏற்கப்பட்டது என்றார். அந்த வாதம் பலருக்கு வசதியாகப் போயிற்று. எல்லாவற்றையும் ‘காதல்மயமான நட்பு’ என்று ஒரே மூட்டையில் கட்டினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சார்லட்–எல்லன், காப்–லாயிட், லிஸ்டர்–வாக்கர் மூன்றும் மூன்று வகை. முதலாவதை நட்பு என்றே எழுதுவேன், அந்தச் சொல்லுக்கு அன்றிருந்த முழு வலிமையோடு. இரண்டாவதை இல்லறம் என்பேன். படுக்கையறை பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். மூன்றாவதில் தயங்க ஒன்றுமில்லை: ஆன் லிஸ்டரும் ஆன் வாக்கரும் 1834 ஈஸ்டர் அன்று யார்க் நகரின் குட்ராம்கேட் திருச்சபையில் சேர்ந்து நற்கருணை பெற்றதையே தங்கள் மணமாகக் கொண்டனர்.

அந்தத் திருச்சபையில் 2018இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அதில் லிஸ்டர் பாலின வழக்கங்களுக்கு ஒத்துப்போகாதவர் என்று மட்டும் எழுதியிருந்ததால் எதிர்ப்பு எழுந்தது. 2019 பிப்ரவரியில் அதைக் கழற்றி, ‘லெஸ்பியன்’ என்ற சொல்லோடு வேறு பலகை மாட்டினார்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் சொல்லும் இப்படி மாறக்கூடும் என்பதால், குறிப்பேட்டில் முடிவை எழுதும்போது பக்கத்தின் இடப்புறம் தாளில் உள்ளதையும் வலப்புறம் உங்கள் ஊகத்தையும் தனித்தனியே எழுதி, கீழே அன்றைய தேதியை இட்டுவையுங்கள்.